ரொறன்ரோக் குளிரில் விழாமலும் விறைக்காமலும் இருப்பது எப்படி

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்கள், வானிலை அறிக்கையில் மைனஸ் 20 என்று கண்டால்தான் அஞ்சுகிறார்கள். நான் அஞ்சுவது பூச்சியத்தை ஒட்டிய நாட்களுக்கு. பகலில் இரண்டு பாகை வரை ஏறி இரவில் மைனஸ் மூன்றுக்கு இறங்கும் நாட்களில், உருகிய பனி நீராக ஓடி, விடிவதற்குள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாக உறைந்துவிடும். இதைத்தான் இங்கே 'பிளாக் ஐஸ்' என்கிறோம். உண்மையில் அதற்கு நிறமே இல்லை. அடியிலுள்ள தாரின் கறுப்பே அதனூடாகத் தெரிகிறது. கடுங்குளிரில் உறைந்து காய்ந்த பனிக்கட்டியைவிட, மேலே மெல்லிய ஈரம் படர்ந்த பனிக்கட்டி பல மடங்கு வழுக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் தாயார், ஒரு பெப்ரவரிக் காலையில் குப்பைப் பையை வெளியே வைப்பதற்காக வீட்டுச் செருப்புடன் இரண்டே இரண்டு படி இறங்கினார். கூரைப் பீலியிலிருந்து சொட்டிய நீர் இரண்டாவது படியின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உறைந்திருந்தது. வழுக்கியதும் எல்லோரையும் போலவே கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஒரு நிமிட வேலைதானே என்று சப்பாத்து மாற்றாமல் வெளியே போவதுதான் இந்த ஊரில் மிகவும் ஆபத்தான பழக்கம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே வீட்டு வாசலிலிருந்தே தொடங்க வேண்டும். பீலி எங்கே சொட்டுகிறது, கூரைக்குழாயின் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை நவம்பரிலேயே பார்த்துத் திருத்திவிடுங்கள். உப்பைப் பனி இறுகிய பின் கொட்டுவதைவிட, உறைவதற்கு முன் மெல்லியதாகத் தூவுவது அதிகம் பயன் தரும். சாதாரண உப்பு மைனஸ் 10 பாகைக்குக் கீழே மிக மெதுவாகவே வேலை செய்யும் என்பதால், அத்தகைய நாட்களுக்குக் கல்சியம் குளோரைட்டோ, கால் பிடிப்புக்காகச் சிறிது மணலோ கைவசம் இருக்கட்டும்.

காலணி வாங்கும்போது விலையையும் கம்பளி உள்ளுறையையும் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ரொறன்ரோவின் கைட் ஆய்வு நிறுவனத்தில், பனிக்கட்டித் தளம் கொண்ட ஓர் அறையைச் சிறிது சிறிதாகச் சரித்து, பாதுகாப்புப் பட்டி கட்டியவர்களை அதில் ஏறி இறங்கச் செய்து சப்பாத்துகளைச் சோதிக்கிறார்கள். 7 பாகைச் சரிவில் வழுக்காமல் நின்றால் ஒரு பனிப்பூச் சின்னம், 11 பாகைக்கு இரண்டு, 15 பாகைக்கு மூன்று. 2016இல் அவர்கள் சோதித்த 98 வகைகளில் அடிப்படைத் தகுதியை எட்டியவை 9 சதவீதம் மட்டுமே. சப்பாத்துக்கு மேல் மாட்டும் இரும்பு முள் பட்டைகளும் நல்லவைதான். ஆனால் கடைக்குள் நுழையும் முன் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் வழுவழுப்பான தளத்தில் அந்த முட்களே வழுக்கிவிடும்.

நடையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். முழங்காலைச் சற்றே மடக்கி, பாதத்தைத் தட்டையாக வைத்து, உடற்பாரம் முன்காலின் மேல் நிற்கும்படி சிற்றடி எடுத்து வைக்க வேண்டும். பென்குயின் நடப்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கைகள் சட்டைப் பைக்குள் இருக்கக்கூடாது, இரு கைகளிலும் மரக்கறிப் பைகளும் தொங்கக்கூடாது. காரிலிருந்து இறங்கும்போது ஒரு காலை மட்டும் நீட்டி எழாமல், உடலைத் திருப்பி இரு பாதங்களையும் தரையில் ஊன்றிய பிறகே கதவுச் சட்டத்தைப் பிடித்து எழுங்கள்.

அடுத்தது பனி அள்ளுவது. கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, சுமார் 20 சென்ரிமீற்றர் பனி கொட்டிய நாளின் மறுநாள், ஆண்கள் மாரடைப்புடன் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, பனி கொட்டாத நாளுடன் ஒப்பிடுகையில் 16 சதவீதமும், அதனால் இறக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் அதிகமாக இருந்தது. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கைகளால் பாரம் தூக்குவது இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவது அதை இன்னும் கூட்டுகிறது. தெற்காசியர்களான நமக்கு இதய நோய் இளவயதிலேயே வருவதால், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பணம் கொடுத்து அள்ளச் சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. தாமே செய்பவர்கள் கொட்டி முடியும்வரை காத்திராமல் இடையிடையே இரண்டு மூன்று முறை தள்ளிவிட வேண்டும். தூக்குவதைவிடத் தள்ளுவதே மேல். தூக்கியே ஆகவேண்டுமென்றால் பனி அள்ளும் சவளில் பாதியளவு போதும். இடுப்பை முறுக்கித் தோளுக்கு மேலாக வீசாமல், பாதங்களைத் திருப்பி நின்று கொட்டுங்கள். மாநகரசபை வண்டி வாசலில் வாரிவிட்டுப் போகும் மேடு ஈரமும் உப்பும் கலந்து கல்லாகக் கனக்கும். முதுகுகள் பிடித்துக்கொள்வது அங்கேதான். நெஞ்சு இறுகினாலோ இடது கையோ தாடையோ வலித்தாலோ, வேலையை விட்டுவிட்டு உடனே 911ஐ அழைக்க வேண்டும். பனி தள்ளும் இயந்திரம் அடைத்துக்கொண்டால், அதை நிறுத்திய பின்னும் கையை உள்ளே விடாதீர்கள். தேங்கியிருந்த விசையில் அலகு ஒருமுறை சுழன்றுவிடலாம். தடியால் குத்தி அகற்றுங்கள்.

குளிர் விறைப்பைப் பொறுத்தவரை, வெப்பநிலையைவிட, காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குளிரின் அளவையே ('விண்ட் சில்') பார்க்க வேண்டும். அது மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையக்கூடும். மைனஸ் 40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடங்களே போதும். மூக்கு, காது, கன்னம், விரல் நுனி ஆகியவை முதலில் பாதிக்கப்படும். தோல் சிவந்து பின் வெளுக்கும் என்று பொதுவாக எழுதப்படுவது நம் நிறத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. சாம்பல் பூத்தது போல் மங்குவதையும், அதைவிட முக்கியமாக, உணர்வு மரத்துப்போவதையும் கவனிக்க வேண்டும். கால் உணர்வு ஏற்கெனவே குறைந்துள்ள நீரிழிவு நோயாளிகள் கண்ணால் பார்த்தே அறிய வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு ஐவிரல் கையுறையைவிட விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறையே சூடு தரும். நனைந்த பருத்திக் காலுறையை உடனே மாற்றிவிடுங்கள்.

மரத்துப்போன விரலைத் தேய்க்கவோ, ஹீற்றர் முன் நீட்டவோ கூடாது. உணர்வற்ற தோல் சுடுவதும் தெரியாமல் வெந்துவிடும். திரும்பவும் குளிருக்குள் போகவேண்டியதில்லை என்பது உறுதியானால் மட்டும், 37 முதல் 39 பாகை வரையுள்ள இளஞ்சூட்டு நீரில் அதை வைத்திருக்க வேண்டும். நீரின் சூட்டைப் பாதிக்கப்படாத இன்னொருவர் தம் முழங்கையால் பார்க்கட்டும். உணர்வு திரும்பும்போது ஊசி குத்துவது போல் வலிக்கும். கொப்புளம் எழுந்தாலோ, தோல் மெழுகு போல் இறுகியே இருந்தாலோ, கொப்புளத்தை உடைக்காமல் விரல்களுக்கிடையே உலர்ந்த மெல்லிய துணியை வைத்துத் தளர்வாகச் சுற்றி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.