ரெவ் கூட்ட ரிஸ்ட் சப்போர்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டென்பின் பௌலிங்கில் பந்தை நேராக உருட்டிப் பழகியவருக்கு ஹூக் (வளைந்து போகும் பந்து) போடும் ஆசை வந்துவிட்டால், அடுத்து கேட்பது பெரும்பாலும் இதுதான்: "ரெவ் ஏற எந்த ரிஸ்ட் சப்போர்ட் வாங்கலாம்?" ரெவ் என்பது பந்து சுழலும் வேகம்; ரிஸ்ட் சப்போர்ட் என்பது மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை. புதிதாக வருகிற ஒவ்வொரு குழுவிலும் இதே கேள்வி, அதன் பின்னாலேயே அதே வீண்செலவு. வலது கைக்காரர் இடது கைக்கானதை வாங்கிவிடுவது போன்ற தவறுகளை இங்கே சொல்லவில்லை. அவை கடையிலேயே தெரிந்துவிடும். லேனில், அதாவது பந்து உருளும் பாதையில், இறங்கிய பிறகே தெரிகிற தவறுகள்தான் இங்கே.

பந்தின் துளையைப் பார்க்காமல் சப்போர்ட் வாங்குவது

பணத்தையும் மாதக்கணக்கில் உழைப்பையும் தின்பது இந்தத் தவறுதான். ரேக்கில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கும் ஹவுஸ் பாலையே எடுத்து ஆடிக்கொண்டு, கையில் மட்டும் உலோகத் தகடு வைத்த முழு நீள சப்போர்ட்டை மாட்டிக்கொள்வார்கள். நாலு கேம் ஆடியும் ரெவ் ஏறாது. ஏறவும் வழியில்லை.

ஹவுஸ் பாலில் நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாவது கணு வரை உள்ளே போகும். யார் எடுத்தாலும் நுழையட்டும் என்று கட்டைவிரல் துளையைத் தாராளமாகப் போட்டிருப்பார்கள். பந்தை விடும்போது மூன்று விரலும் ஏறக்குறைய ஒன்றாகவே வெளியே வந்துவிடும். ரெவ் பிறப்பதோ, கட்டைவிரல் வெளியேறிய பிறகும் மற்ற இரண்டு விரல்களும் உள்ளே இருக்கிற அந்தக் கணப்பொழுதில். அந்த இடைவெளியே கிடைக்காத பந்தில், மணிக்கட்டை எந்தக் கோணத்தில் பிடித்து நிறுத்தினாலும் விரல்களுக்குச் சுழற்ற நேரமில்லை.

இதோடு போவதில்லை. துளை தளர்வாக இருப்பதால் பந்து நழுவிவிடுமோ என்று கட்டைவிரலை உள்ளே மடக்கி இறுக்குவார்கள். இறுக்கிய விரல் தாமதமாகத்தான் வெளியே வரும். மணிக்கட்டை சப்போர்ட் அசையாமல் பிடித்திருக்க, கட்டைவிரல் துளையில் மாட்டி இழுபடும். அதன் அடிப்பகுதியில் வலி ஆரம்பிக்கும். பழியோ சப்போர்ட் மேல் விழும். "இது சரியில்லை, இதைவிடப் பெரியதாக வாங்கலாம்" என்று மறுபடியும் கடைக்குப் போவார்கள். பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். அந்த இரண்டு சப்போர்ட்டின் விலையை ஒரு பந்தின் மேல் போட்டிருந்தால் ரெவ் என்றோ ஏறியிருக்கும்.

முதலில் உங்கள் கைக்கு அளவெடுத்து, ஃபிங்கர்டிப் முறையில் துளையிட்ட பந்து வேண்டும். இதில் இரண்டு விரல்களும் முதல் கணு வரைதான் போகும். துளைக்குள் ரப்பர் இன்செர்ட் இருக்கும். கட்டைவிரல் துளையைச் சோதிப்பது எளிது. கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால், விரலை இறுக்காமலே பந்து நிற்க வேண்டும்; விட்டதும் ஒட்டாமல் வழுக்கி வெளியேற வேண்டும். ஆட ஆடக் கட்டைவிரல் வீங்கும், சில சமயம் சுருங்கும். அதற்குத்தான் துளைக்குள் ஒட்டும் டேப். ஒரு நேரத்தில் ஒரு டேப் மட்டும் சேர்த்தோ எடுத்தோ பாருங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். வெறும் கையில் அளவு கொடுத்துத் துளையிட்டுவிட்டு, பிறகு சப்போர்ட் வாங்குகிறார்கள். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு பட்டையோ பஞ்சோ வந்தால் ஸ்பான் (கட்டைவிரல் துளைக்கும் மற்ற துளைகளுக்கும் உள்ள தூரம்) மாறிவிடும். ஆள்காட்டி விரலைத் தாங்கும் தகடு இருந்தால் கை விரியும் விதமே வேறு. மணிக்கட்டு உள்நோக்கி வளைந்து நிற்கும்போது கட்டைவிரல் வெளியேறும் கோணமும் மாறும். கட்டைவிரல் துளையின் பிட்சை (துளை சாய்ந்திருக்கும் கோணத்தை) அதற்கேற்ப மாற்ற வேண்டிவரலாம். ஸ்பானில் கால் அங்குலம் என்பது பெரிய பிசகு. அதைத் திருத்தத் துளையை அடைத்து மறுபடி துளையிட வேண்டும், அது தனிச் செலவு. எந்த சப்போர்ட் என்பதை முதலில் முடிவு செய்து, அதை மாட்டிய கையோடு, பந்தில் துளையிட்டுத் தரும் புரோ ஷாப்பில் அளவு கொடுங்கள்.

முதல் நாளே முழு வளைவு

சில சப்போர்ட்டுகளில் மணிக்கட்டின் வளைவைக் கூட்டிக் குறைக்கலாம். வாங்கியதும் கடைசி நிலைக்குத் தள்ளுகிறவர்களே அதிகம். 14, 15 பவுண்டு பந்தை அப்படித் தூக்கினால் முன்கை விறைக்கும், முழங்கை மடங்கும், தோளிலிருந்து தானாக ஆட வேண்டிய கையைத் தசை பிடித்து இழுக்கும். பந்து முன்னதாகவே விழும், அல்லது தூக்கி எறிந்ததுபோல் லேனில் போய் மோதும்.

நேர் நிலையில் தொடங்குங்கள். கட்டைவிரல் சிக்காமல் வருகிறது என்று உறுதியான பிறகே ஒரு படி கூட்டுங்கள். பக்கவாட்டிலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லி, கை கீழே வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். சப்போர்ட் இல்லாதபோது மணிக்கட்டு பின்பக்கம் சாய்கிறதென்றால் பந்தே கனமாக இருக்கலாம். ஒன்றிரண்டு பவுண்டு குறைத்துப் பார்த்தபின் கடைக்குப் போகலாம்.

மெல்லிய கையுறையிடம் ரெவ் எதிர்பார்ப்பது

பிடிமானம் கிடைக்கும். ரெவ் கிடைக்காது.

ஹூக் கூடியதை ரெவ் கூடியதாக நினைப்பது

கையைப் பக்கவாட்டில் அதிகம் திருப்பினாலும் பந்து கூடுதலாக வளையும். சுழற்சி அதே அளவில்தான் இருக்கும். கண்ணை நம்பாமல் எண்ணுங்கள். பந்தில் பளிச்சென்று தெரிகிற டேப் துண்டு ஒன்றை ஒட்டி, போனில் நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். கையை விட்டதும் டேப் ஒரு முழுச் சுற்று வர எத்தனை ஃப்ரேம் ஆகிறது என்று எண்ணி, 14,400-ஐ (240 × 60 நொடி) அதனால் வகுங்கள். 60 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்கு 240 சுற்று. 48 என்றால் 300. சப்போர்ட்டுடன் ஐந்து, இல்லாமல் ஐந்து என்று எடுத்து ஒப்பிட்டால் வாங்கியது வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பட்டையை இறுக்கிக் கட்டுவது

விரல் நுனி மரத்துப்போனால் உடனே தளர்த்துங்கள்.

ரெவ் ஏறிய பிறகும் பழைய இடத்திலேயே நிற்பது

லேனில் எண்ணெய் பூசியிருப்பார்கள்; வழக்கமான ஹவுஸ் பேட்டர்னில் (பொது ஆட்டத்துக்கான பூச்சு முறையில்) அது ஏறக்குறைய 40 அடி வரை இருக்கும். ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் 60 அடி. ரெவ் கூடி, வேகம் கூடாமல் இருந்தால் பந்து முன்னதாகவே வளையத் தொடங்கி, பின்களை அடைவதற்குள் சக்தியை இழந்துவிடும். கோட்டைத் தாண்டியதிலிருந்து பின்னைத் தொடும் வரை நேரம் பாருங்கள், 2.5 நொடி என்றால் மணிக்கு ஏறக்குறைய 26 கிலோமீட்டர். சப்போர்ட் மாட்டிய பிறகு இந்த நேரம் நீண்டிருந்தால் கை விறைத்திருக்கிறது, வளைவை ஒரு படி குறையுங்கள். நேரம் மாறாமல் பந்து மட்டும் அதிகம் வளைந்தால், வலது கைக்காரர் நிற்கும் இடத்தை இரண்டு பலகையும் (லேனின் நீளவாக்குப் பட்டைகள்) குறியை ஒரு பலகையும் இடது பக்கம் நகர்த்தி, அதே வேகத்தில் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.