பாம்பன் தீவோரம் கயாக் ஓட்டச் செல்லும் மதுரைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து விடியுமுன் கிளம்பினால் மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகக் காலைப் பலகார நேரத்துக்குள் மண்டபம் சேர்ந்துவிடலாம் என்பதால், பாம்பன் தீவின் கரையோரம் கயாக் எனும் சிறு துடுப்புப் படகை ஓட்ட வரும் நம் ஊர்க்காரர்கள் பலரைக் காண்கிறேன். கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகிய நமக்குத் தண்ணீரிடம் பயமில்லை. ஆனால் காற்றைக் கவனிக்கும் பழக்கமும் இல்லை.

அலையில்லாத கடலைப் பாதுகாப்பான கடல் என்று எண்ணுவதே என் கணிப்பில் மிகக் கொடிய தவறு. தீவுக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடாவை மீனவர்கள் வடகடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடலோ கண்மாய்த் தண்ணீர்போல் கிடக்கும். அங்கே காற்று ஓய்ந்துவிட்டதாக இதற்குப் பொருளில்லை. தரையைக் கடந்து கடலை நோக்கி வீசும் காற்று என்பதால் கரையோரத்தில் அலை எழுவதில்லை. படகையோ அது ஆழ்கடல் பக்கமே தள்ளும். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று வீசும்போது இரு கடல்களும் குணம் மாற்றிக்கொள்ளும்.

இதை அறியாமல் நானே ஓர் ஆடி மாதத்தில் வடகடலில் இறங்கினேன். கால் மணி நேரத்தில் கரைத் தென்னைகள் விரல் உயரத்துக்குச் சுருங்கியதைக் கண்டு, என் கைவலிமை என்றே மகிழ்ந்தேன். திரும்பும்போதுதான் தெரிந்தது: துடுப்பை ஒருமுறை வலித்தால் ஒரு முழம் முன்னேறினேன், மூச்சு வாங்க நிறுத்தினால் இரண்டு முழம் பின்னே போனேன். கரை சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “கச்சான் அடிக்கையில கரையை ஒட்டியே போங்க தம்பி. போகும்போது காத்தை எதிர்த்துப் போனா, வரும்போது அதுவே கொண்டாந்து விட்டுரும்” என்றார். அந்த முறையை இன்றுவரை மாற்றவில்லை.

பாம்பன் பாலத்தடியில் படம் எடுத்துக்கொள்ளும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். இரண்டு கடல்களின் நீரும் அந்த ஒடுங்கிய கால்வாய் வழியாகப் பாய்வதால், தூண்களிடையே நீரோட்டம் மிகக் கடுமையாக இருக்கும்.

உயிர்காப்பு உடையைப் பெயருக்கு மாட்டிக்கொள்வது மற்றொரு தவறு. வார்களை இறுக்கியபின், தோள்பட்டைப் பகுதியை மேலே தூக்கிப் பார்க்கும்படி நண்பரிடம் சொல்லுங்கள். உடை காதுவரை ஏறினால் அது தளர்வாக இருக்கிறது. கவிழ்ந்தால் கயாக்கை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தத் துணியாதீர்கள்; அது மிதக்கும், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கும் தெரியும். அதை நிமிர்த்தி, கால்களை உதைத்து, வயிற்றால் குறுக்கே ஏறிப் படுத்து, பிறகு திரும்பி உட்காரும் முறையை இடுப்பளவு நீரிலேயே பலமுறை பழகிக்கொள்ள வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால், வனத்துறை அனுமதியின்றி அவற்றில் கால் வைக்கக் கூடாது. ஆழம் குறைந்த இடங்களில் இறங்கிப் பவளப்பாறைகளை மிதிப்பதையும், மிதவை கட்டிய வலைகளின் மேல் ஓட்டுவதையும் தயவுசெய்து தவிருங்கள். ஒரு வலை அறுந்தால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு போய்விடும்.

புறப்படுமுன், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக்கான 1093 ஆகிய எண்களைப் பதிந்து, கைப்பேசியை நீர்புகாத உறையிலிட்டு உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். படகில் வைத்தால், படகு கைநழுவும்போது அதுவும் சேர்ந்தே போய்விடும்.