‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’ புதிதாக ஆடுபவர்களுக்கு: அணி அமைப்பதிலிருந்து முதல் சண்டை வரை

எஸ்எஸ்ஐ நிறுவனம் 1988-இல் வெளியிட்ட இந்தக் கணினி ஆட்டம், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்தில், மூன்சீ கரையிலுள்ள ஃப்லான் நகரத்தில் நடக்கிறது. திரைக்குப் பின்னால் ஓடுவது மேசையில் பகடை உருட்டி ஆடும் ஏடி&டி (அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் & டிராகன்ஸ்) முதல் பதிப்பின் விதிகள்தான். இன்றைய ஆட்டங்களின் பழக்கத்தோடு நுழைந்தால், நகரத்தில் முதலில் போகும் இடமான சேரியின் முதல் சண்டையிலேயே அணி காலி.

டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஓட வைப்பது எளிது, அதை விட்டுவிடுகிறேன். ஆட்டத்தோடு வந்த கதைக்குறிப்புப் புத்தகமான ஜர்னலின் பிடிஎஃப்பும், ஆட்டம் காட்டும் ரூன் எழுத்துகளைப் படிக்க உதவும் ரூன் சக்கரமும் கைவசம் இருக்கட்டும். “இத்தனையாம் எண் பதிவைப் படி” என்று ஆட்டம் சொல்லும்போது மட்டும் ஜர்னலைத் திறவுங்கள். முன்கூட்டியே படிப்பவர்களை ஏமாற்றவே பொய்ப் பதிவுகளும் அதில் கலந்திருக்கின்றன.

அணியில் ஆறு பேர். என் பரிந்துரை: இரண்டு மனிதப் போர்வீரர்கள், ஒரு குள்ளர் இனப் போர்வீரர்-திருடர், ஒரு மனித கிளெரிக் (காயம் ஆற்றும் மதகுரு), இரண்டு மந்திரவாதிகள். எல்ஃப் இனத்தவரை நான் தவிர்ப்பேன். முதல் பதிப்பு விதிப்படி செத்த எல்ஃபை ‘ரெய்ஸ் டெட்’ மந்திரத்தால் எழுப்ப முடியாது. ‘மாடிஃபை’ கட்டளையால் திறன் எண்களை ஏற்றிக்கொள்ளலாம். மேசையில் ஆடிய தங்கள் பாத்திரங்களை அப்படியே கொண்டுவர வேண்டும் என்பவர்களுக்காகத்தான் அதை வைத்தார்கள். அதனால் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். கிளெரிக்குக்கு விஸ்டம் (ஞானம்) என்ற திறன் எண் 18 இருந்தால், முதல் நிலையிலேயே ஒன்றுக்குப் பதில் மூன்று மந்திரங்கள் கிடைக்கும்.

அடுத்து கடை. போர்வீரர்களுக்கு பேண்டட் மெயில் என்ற உலோகக் கவசமும் கேடயமும், மந்திரவாதிகளுக்கு டார்ட் என்ற சிறு எறியம்பு. டார்ட்டை ஒரு சுற்றில் மூன்று முறை வீசலாம். வாங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஆளின் ‘ஐட்டம்ஸ்’ பட்டியலிலும் போய் ‘ரெடி’ கொடுக்க வேண்டும், அம்புக்கும் அப்படியே. ஏசி (பாதுகாப்பைக் காட்டும் கவச எண்) 10-லிருந்து கீழே இறங்கினால் கவசம் ஏறிவிட்டது என்று அர்த்தம். இங்கே எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு. தாக்கோ என்பது ஏசி 0 உள்ள எதிரியை அடிக்க பகடையில் விழ வேண்டிய எண். அதிலிருந்து எதிரியின் ஏசியைக் கழித்தால் இருபது முகப் பகடையில் விழ வேண்டிய எண் வரும்: தாக்கோ 20, எதிரி ஏசி 6 என்றால் 14 அல்லது அதற்கு மேல்.

பலரும் சறுக்கும் இடம் மந்திரம். பாத்திரத்துக்கு மந்திரம் தெரிந்திருப்பது வேறு, சண்டைக்குத் தயாராக இருப்பது வேறு. விடுதியில் அறை எடுங்கள். ‘மேஜிக்’, ‘மெமரைஸ்’ போய், எதிரிகளைத் தூங்க வைக்கும் ‘ஸ்லீப்’ மந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். வெளியே வரும்போது, தேர்ந்தவற்றை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும், ‘யெஸ்’ கொடுங்கள். அதோடு முடியவில்லை. ‘ரெஸ்ட்’ கொடுத்து அந்த நேரம் முழுக்கக் கழிந்தால்தான் மந்திரம் மனதில் ஏறும். நடுவில் எதிரிகள் வந்து ஓய்வு கலைந்தால் மறுபடி ஓய்வெடுக்க வேண்டும். ஒருமுறை ஏவியதும் அது மறந்துபோகும், திரும்ப மனனம் செய்ய வேண்டும்.

ஆரம்ப நிலையில் ‘ஸ்லீப்’பை மிஞ்சிய ஆயுதம் கிடையாது. ஆர்க், காப்ளின் போன்ற சில்லறை எதிரிகளில் 4 முதல் 16 பேர் வரை ஒரே ஏவலில் படுத்துவிடுவார்கள். தப்பிக்கும் பகடை வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை. தூங்குபவனைக் கொல்ல ஒரே அடி போதும். ஆனால் மந்திரவாதிக்கு அடி விழுந்தால் அந்தச் சுற்றில் மந்திரம் போச்சு. மந்திரவாதிகளைப் பின்னால் நிறுத்தி, வாசலைப் போர்வீரர்களால் அடைத்துவிடுங்கள்.

சேரியில் ட்ரோல்களும் (தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் அரக்கர்கள்) உண்டு. ஆரம்பத்தில் அவற்றோடு மோதாதீர்கள். மோத நேர்ந்தால், ட்ரோல் விழுந்த கட்டத்தில் உங்கள் ஆள் ஒருவரை நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் அது மறுபடி எழுந்து வரும்.

அணியின் காயங்களை ஒரே கட்டளையில் ஆற்றும் ‘ஃபிக்ஸ்’ஸைத் தேடாதீர்கள், அது அடுத்த ஆட்டமான ‘கர்ஸ் ஆஃப் தி அஸ்யூர் பாண்ட்ஸ்’ஸில்தான் வந்தது. இங்கே கிளெரிக் ‘கியூர் லைட் வூண்ட்ஸ்’ என்ற காயம் ஆற்றும் மந்திரத்தை மனனம் செய்து, ஓய்வெடுத்து, ஏவி, மறுபடி மனனம் செய்வதுதான் வழி. வெறும் ஓய்வில் ஒரு நாளைக்கு ஒரு உயிர்ப்புள்ளிதான் ஏறும்.

சண்டைக்குப் பின் கிடைக்கும் செப்புக் காசை விட்டுவிட்டு வாருங்கள். பத்துக் காசு ஒரு பவுண்டு எடை. ஆயிரம் செப்பு நூறு பவுண்டு, அதன் மொத்த மதிப்போ ஒரே ஒரு பிளாட்டினம். பாரம் கூடினால் சண்டையில் நகரும் கட்டங்கள் குறையும்.

அனுபவப் புள்ளி சேர்ந்ததும் பயிற்சிக் கூடத்துக்குப் போய்விடுங்கள், ஆளுக்கு 1000 பொன். தள்ளிப்போட்டு இரண்டு நிலைக்கான புள்ளி சேர்த்தாலும் ஒரு நிலைதான் ஏறும், மிச்சம் வெட்டுப்படும்.

பின்சேர்க்கை: எண்பலகை இல்லாத மடிக்கணினியில் மூலைவாட்டில் நகர ஹோம், எண்ட், பேஜ்அப், பேஜ்டவுன் விசைகளை முயலுங்கள். நகரவில்லை என்றால் டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல்-எஃப்1 அழுத்தி, வேறு விசைகளை ஒதுக்கிக்கொள்ளலாம்.