மணலில் வண்டி புதையாமல் இருக்க, முதலில் காற்றை இறக்குங்கள்

மணலில் இறங்குவதற்கு முன்னாடியே வண்டியை நிறுத்தி, நாலு டயரிலும் காற்றழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ அளவுக்கு வரும்வரை காற்றை இறக்கிவிடுங்கள், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். காற்று குறைந்ததும் டயர் தரையில் நீளமாகப் படிந்து, அதே எடை அதிக இடத்தில் பரவுவதால் மணலைக் கிழிக்காமல் மேலேயே மிதந்து போகும். நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தியைக் கொடுக்கும் ஃபோர் வீல் டிரைவையும் அங்கேயே போட்டுவிடுங்கள், புதைந்த பிறகு போட்டால் பாதி வேலை கெட்டுவிடும்.

உள்ளே போனதும் ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்திருங்கள். திருப்பம் அகலமாக இருக்கட்டும், ஸ்டீயரிங்கைச் சடாரென்று ஒடித்தால் காற்று குறைந்த டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, திரும்பக் கிளம்புவதற்கு அதுவே தடையாகிவிடும், அதனால் காலை எடுத்துவிட்டு வண்டி தானாக நிற்கட்டும், முடிந்தால் இறக்கத்தைப் பார்த்தபடி.

சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லையா? உடனே காலை எடுங்கள். இன்னும் மிதித்தால் அச்சு வரை இறங்கிவிடும். சக்கரங்களைச் சுற்றியுள்ள மணலைக் கையால் வாரிவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

தார் ரோட்டில் ஏறியதும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுக்கவே கூடாது, டயர் சூடேறி வெடித்துவிடும்.