பொது நிலத்தில் வான்கோழி வேட்டை: புறப்படும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிசௌரி மாநிலம், மார்க் ட்வைன் தேசிய வனம், ஏப்ரல் கடைசி. பொழுது விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த எனக்கு எதிர்ச் சரிவிலிருந்து பெட்டை வான்கோழியின் குரல் கேட்டது. பெட்டை இருந்தால் பின்னாலேயே சேவலும் வரும் என்ற நப்பாசையில், உரசினால் பெட்டைக் குரல் எழுப்பும் மரப்பெட்டியைக் கையில் எடுத்துப் பதில் குரல் கொடுத்தேன். அது மறுபடி கூப்பிட்டது, நானும் விடவில்லை. குரல் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. அரை மணி நேரக் கொஞ்சலுக்குப் பிறகு புதரை விலக்கிக்கொண்டு வந்து நின்றார், முகத்தில் வலை கட்டிய ஒரு பெரியவர். அவரும் என்னைப் பெட்டை என்றே நம்பி வந்திருக்கிறார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். காருக்குத் திரும்பி நடக்கையில்தான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. இரண்டு பேர் கையிலும் தோட்டா நிரப்பிய ஷாட்கன் இருந்தது.

புதிதாக வேட்டைக்கு வருகிறவர்கள் பறவையைப் பற்றி மாதக்கணக்கில் படிக்கிறார்கள்; அதே காட்டில் உட்கார்ந்திருக்கப்போகும் மற்ற மனிதர்களைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. சொந்தப் பண்ணையில் அது செல்லும். பொது நிலத்தில் செல்லாது. நான் பார்த்த தவறுகளும் நானே செய்த தவறுகளும் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்டவை. குரல் வரும் திசையை நோக்கிப் பதுங்கிப் போகாதீர்கள். அந்தப் பெரியவரும் நானும் தப்பியது அதிர்ஷ்டத்தால். பென்சில்வேனியாவில் வசந்தகால வேட்டையில் இப்படிப் பதுங்கிச் செல்வது சட்டப்படியே குற்றம். கூப்பிட்டு வரவழைத்துத்தான் சுட வேண்டும். இந்தப் பருவத்தில் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மின்னும். ஆகவே அந்த மூன்று நிறங்களில் கைக்குட்டை, பனியன், காலுறை எதுவும் வெளியே தெரியக் கூடாது. உங்கள் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்துச் சாய்ந்துகொள்ளுங்கள். பின்னாலிருந்து வருகிறவரின் துப்பாக்கிக்கு அதுதான் தடுப்பு. வேறொருவர் நெருங்குவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், புதருக்குள் அசையும் கை அவர் கண்ணுக்குப் பறவையாகவே படலாம். உரக்கப் பேசுங்கள். அன்றைய வேட்டை கெடும், கெடட்டும்.

வான்கோழியின் வால் இறகு விசிறியை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தபடி சேவலை நோக்கி ஊர்ந்து போகும் வித்தை ஒன்று வீடியோக்களில் பிரபலம். பொது நிலத்தில் அதைச் செய்கிறவரைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. சில மாநிலங்கள் பொது நிலத்தில் அதற்குத் தடையே போட்டுவிட்டன. சுட்ட பறவையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போதும் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணியை அதன்மேல் சுற்றுங்கள்.

அடுத்தது நாட்காட்டி. ஏப்ரல் வேட்டைக்கு மார்ச்சில் யோசிக்கத் தொடங்குவது தாமதம். அயோவாவில் வெளிமாநிலத்தவர் வசந்தகால அனுமதிக்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்துக் குலுக்கலில் வெல்ல வேண்டும். கேன்சஸ் 2024 முதல் வெளிமாநிலத்தவருக்குக் குலுக்கல் முறைக்கு மாறியது. நெப்ராஸ்கா 2023இல் வெளிமாநில அனுமதிகளுக்கு 10,000 என்று உச்சவரம்பு வைத்தது. மிசௌரியில் அனுமதியைக் கடையிலேயே வாங்கிவிடலாம். ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை பருவம் தொடங்கி மூன்று வாரம் நீடிக்கும். ஆனால் அங்கே பொது நிலத்தில் பகல் ஒரு மணியோடு வேட்டை முடிகிறது. பக்கத்துத் தனியார் நிலத்தில் மாலைவரை சுடுகிறார்களே என்று நீங்களும் உட்கார்ந்திருந்தால் அபராதம்தான். இந்த விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. நண்பர் சொன்னார் என்று போகாமல், அந்த ஆண்டுக்கான கையேட்டைப் படித்துவிட்டுப் போங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு, பிறகு உரிமம், அதற்குப் பிறகுதான் துப்பாக்கியைத் தொடுவது. நண்பரின் துப்பாக்கியை வாங்கிப் பார்ப்பதற்கும் இது பொருந்தும். விசா விஷயம் விளையாட்டல்ல. சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

பொது நிலம் என்பது ஒரே நிலம் என்று நினைப்பதும் பெரிய தவறு. தேசிய வனம், கூட்டாட்சி நில மேலாண்மை அமைப்பின் நிலம், ராணுவப் பொறியாளர் பிரிவின் அணைக்கரைகள், மாநிலத்தின் காட்டுயிர்ப் பகுதிகள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகம், ஒரு விதிப்புத்தகம். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் வேட்டை கிடையாது. ஆனால் அதே பூங்காத் துறை நிர்வகிக்கும் மிசௌரியின் ஓசார்க் நதிப் பகுதியில் உண்டு. பெயரைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது.

மார்க் ட்வைன் வனம் ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர். கேட்கப் பெரிதாக இருக்கும். வரைபடத்தில் பார்த்தால் ஒட்டுப்போட்ட துணி. நடுநடுவே தனியார் நிலங்கள். மிசௌரியில் மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறப் பெயின்ட் பூசியிருந்தால் உள்ளே நுழையாதே என்று பொருள், பலகை இருக்க வேண்டியதில்லை. கூப்பிட்ட சேவல் அந்த ஊதாக் கோட்டுக்கு அப்பால் நின்று கத்தினால், அது உங்கள் சேவல் இல்லை. எல்லைக்கோடு காட்டும் வரைபடச் செயலியை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது.

ஒரே ஓர் இடத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர், இருட்டில் அங்கே ஏற்கெனவே ஒரு பிக்கப் வண்டி நிற்பதைக் கண்டதும் தடுமாறுவார். பிறகு அந்த வண்டிக்காரருக்கு இருநூறு கெஜம் தள்ளிப் போய் உட்கார்வார். இருவருக்கும் அன்று பறவை கிடைக்காது. குறைந்தது நான்கு இடங்களையாவது குறித்து வையுங்கள். முடிந்தால் முதல் வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றாம் வாரத்துப் புதன்கிழமையில் காடே காலியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சாலையிலிருந்து ஒரு மைல் நடக்கத் தயாராக இருந்தால் கூட்டம் இன்னும் குறையும்.

இனி பறவை. பருவம் தொடங்கும் முன் காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பெட்டைக் குரல் கொடுத்துச் சேவலைச் சோதித்துப் பார்க்கிறார்கள். கூப்பிட்ட இடத்தில் பெட்டை இல்லை என்று அதற்கு நாமே பாடம் நடத்துவதுதான் இது. மாலையில் பறவைகள் மரத்தில் அடையும் நேரத்தில் ஆந்தை போல ஒரு முறை அலறிப் பாருங்கள். சேவல் தன்னையறியாமல் கொளகொளவென்று கத்தித் தன் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் காலை அந்த மரத்துக்கு மிக அருகில் போகாதீர்கள். அதற்கு மோப்பம் பெரிதாக இல்லை, ஆனால் கண் இருக்கிறதே! கழுத்தைத் திருப்பாமலேயே முக்கால் வட்டம் பார்க்கும். நீங்கள் மூக்கைச் சொறிந்தால்கூடப் போதும்.

இயற்கையில் சேவல் கத்தும், பெட்டைதான் தேடிப் போகும். நாம் செய்வது அதைத் தலைகீழாக்குவது. அதனால்தான் எழுபது கெஜத்தில் வந்து நின்றுவிடும் சேவல்கள் அத்தனை பேர். தோகை விரித்து, இறக்கை நுனி சருகில் உரச, அங்கேயே குறுக்கும் நெடுக்கும் நடக்கும். கூடவே ஓர் அடித்தொனி எழும்; தூரத்து லாரி எஞ்சின் போல, காதைவிட நெஞ்சுக்கே முதலில் எட்டும் ஒலி. அதைக் கேட்டதும் புதியவர் பதற்றத்தில் பெட்டியை இடைவிடாமல் உரசுவார். இவ்வளவு ஆசைப்படுகிறவள் தானே வருவாள் என்பதுபோல அது நின்ற இடத்திலேயே நிற்கும். வாயை மூடிக்கொண்டு, கையால் சருகை மெல்லக் கிளறுங்கள். உங்களுக்கும் அதற்கும் நடுவே ஓடையோ வேலியோ இல்லாத இடமாக முன்பே பார்த்து உட்கார்வதும் இதற்காகத்தான். பறக்கத் தெரிந்த பறவைதான், ஆனாலும் முழங்காலளவு ஓடைக்கு முன்னால் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும்.

எட்டு மணிக்குக் காடு அமைதியானதும் பலர் காபி குடிக்கக் கிளம்புகிறார்கள். அவர்கள் போன பிறகுதான் எனக்கு வேலை. பெட்டைகள் முட்டையிடக் கூட்டுக்குப் போய்விட, ஒன்பது மணிக்கு மேல் சேவல் தனியாகிவிடுகிறது. காலையில் உங்களை மதிக்காத அதே சேவல் இப்போது சத்தமே இல்லாமல் வந்து நிற்கும்.

துப்பாக்கியைப் பற்றி ஒன்றே ஒன்று: நாற்பது கெஜத்தில் காகிதத்தை நிறுத்திச் சுட்டு, ரவைகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்காமல் காட்டுக்குப் போகாதீர்கள். குறி தலையும் கழுத்தும்தான். தாறுமாறாகப் பரவும் ரவை பறவையைக் கொல்லாது, காயப்படுத்தும். மிசௌரியில் நான்காம் எண்ணைவிடப் பெரிய ரவைக்கு அனுமதி இல்லை (எண் குறையக் குறைய ரவை பெரிதாகும்).

உண்ணியை அலட்சியம் செய்யாதீர்கள். ஓசார்க் குன்றுகளில் மலிந்து கிடக்கும் ஒருவகை உண்ணி கடித்தால் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி எல்லாமே ஒவ்வாமையாகிவிடுகின்றன. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் காயவைத்த உடையை அணியுங்கள், கால்சட்டையைக் காலுறைக்குள் திணியுங்கள், வீடு திரும்பியதும் உடம்பு முழுக்கத் தேடுங்கள்.

பறவை விழுந்ததும் கொண்டாட்டம் இருக்கட்டும், முதலில் அனுமதிச் சீட்டை வெட்டிக் குறியுங்கள். மிசௌரியில் அன்றிரவு பத்து மணிக்குள் மாநிலக் காட்டுயிர்த் துறைக்குத் தகவல் தர வேண்டும். வெயில் ஏறும் பருவம் என்பதால் குடலைச் சீக்கிரம் எடுத்து, பனிக்கட்டி போட்ட பெட்டியில் வையுங்கள். மார்புக்கறியை மட்டும் அறுத்துக்கொண்டு கால்களை எறிந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தோல்போல இருக்கும் என்பது அவர்கள் வாதம். வாணலியில் வறுத்தால் அப்படித்தான் இருக்கும். குக்கரில் சின்ன வெங்காயம், மிளகு, மல்லியோடு முக்கால் மணி நேரம் வேகவைத்துப் பாருங்கள், எலும்பு தானாகக் கழன்று வரும்.