பல்கலைக்கழகத்தின் குரலை ஒருங்கிணைப்பது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்போருக்கு

மக்கள் தொடர்புப் பிரிவில் புதிதாகச் சேர்வோர் பலரும் முத்திரையின் நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றுவதிலிருந்தே வேலையைத் தொடங்குகிறார்கள். நாகர்கோவிலில் இப்பணியைச் செய்துவரும் எனக்கு, அது மூன்றாம் மாதத்து வேலையாகவே படுகிறது.

முதல் படி: பல்கலைக்கழகத்தின் பெயரால் யார் யார் பேசுகிறார்கள் என்று கணக்கெடுங்கள். துறைகளின் முகநூல் பக்கங்கள், விடுதி வாட்ஸ்அப் குழுக்கள், நாட்டு நலப்பணித் திட்ட அணிகள், முன்னாள் மாணவர் சங்கம் என எல்லாவற்றையும் ஓர் எக்செல் தாளில் எழுதி, கடவுச்சொல் யார் கையில் இருக்கிறது என்பதையும் எதிரே குறியுங்கள். படிப்பை முடித்துச் சென்றுவிட்ட மாணவரின் கைப்பேசி எண்ணிலேயே ஒரு துறையின் பக்கம் இயங்கிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: பல்கலைக்கழகப் பெயரின் முழு வடிவம், சுருக்கம், துணைவேந்தரின் பதவிப் பெயர் ஆகியவற்றை எப்படி எழுத வேண்டும் என்று ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து, பதிவாளரின் சுற்றறிக்கையாக அனுப்புங்கள்.

மூன்றாம் படி பொது நாட்காட்டி. சறுக்கல் அதிகம் நேர்வது இங்கேதான். 1990இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால், தலைமையிடம் திருநெல்வேலியில் இருக்க, இணைவுபெற்ற கல்லூரிகள் கன்னியாகுமரி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களிலும் பரவியிருக்கின்றன. கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம், மண்டைக்காடு கொடை ஆகியவற்றுக்கு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடப்படும். தூத்துக்குடியிலோ பனிமய மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 5 அன்று விடுமுறை. ஆகவே எந்த அறிவிப்புக்கும் நாள் குறிக்குமுன், ஒவ்வொரு மாவட்ட விடுமுறையையும் தனி நிறத்தில் நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள். சவேரியார் திருவிழா விடுமுறையான டிசம்பர் 3ஐயே நாளாகக் குறித்து எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் பயிலரங்கு அழைப்பிதழ் அச்சடித்துவிட்டு, பிறகு வேறு நாளை ஒட்டி மறைத்த சங்கடம் எனக்கே நேர்ந்ததுண்டு.

நான்காம் படி: துறைகளிலிருந்து வரும் செய்தியைக் கதையாக்குங்கள். பெரும்பாலும் வருவது இப்படித்தான் இருக்கும்: “வாழை சாகுபடி குறித்த ஒருநாள் கருத்தரங்கு இனிதே நடைபெற்றது. துறைத் தலைவர் வரவேற்றார். பேராசிரியர் நன்றி கூறினார்.” கூடவே குத்துவிளக்கு ஏற்றும் படமும் வரும். அதை அப்படியே வெளியிடாமல், துறையைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: வந்திருந்த விவசாயி என்ன கேட்டார், ஆய்வாளர் என்ன பதில் சொன்னார், அந்தப் பதிலால் தோட்டத்தில் எது மாறும்? கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது என்ற செய்தியோடு அந்த விவசாயியின் கேள்வியை இணைத்துத் தொடங்கினால், வாசகர் இரண்டாம் பத்திக்கும் வருவார். வரவேற்புரையும் நன்றியுரையும் துறையின் கோப்பிலேயே இருக்கட்டும். இதில் மனத்தாங்கல் வரும். பேராசிரியரின் பெயர் படக்குறிப்பில் இடம்பெற்றால் அது பெரும்பாலும் தணிந்துவிடும்.

ஐந்தாம் படி: வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, தேர்வு ஒத்திவைப்பை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு, அவர் இல்லாதபோது யாருக்கு என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பழைய சுற்றறிக்கையின் படம் மழைநாளில் மீண்டும் சுற்றத் தொடங்கும் என்பதால், ஒவ்வொரு அறிவிப்பிலும் நாளையும் நேரத்தையும் முதல் வரியிலேயே பெரிதாக அச்சிடுங்கள்.