கெயின் வேறு, வால்யூம் வேறு: வீட்டில் குரல் பதிவு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அத்தை பாடிய தாலாட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. பதினொரு நிமிடப் பதிவு. எங்கள் குடும்பத்தில் அந்தப் பாட்டு முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் குரல் உயரும் இடங்களிலெல்லாம் தகரம் கிழிவதுபோல் கரகரக்கிறது. பதிவு செய்த அன்று ஹெட்ஃபோனில் சத்தம் குறைவாகக் கேட்டது என்று கெயின் குமிழைத் திருகிக் கூட்டிவிட்டேன். கூட்டியிருக்க வேண்டியது ஹெட்ஃபோன் வால்யூமை. அடுத்த ஆண்டு அத்தை இறந்துவிட்டார். எத்தனையோ மென்பொருள்களில் போட்டுப் பார்த்தேன், அந்தக் கரகரப்பு முழுதாகப் போகவில்லை.

வீட்டுப் பதிவுகள் கெட்டுப்போவதற்குக் கருவி மலிவாக இருப்பது காரணம் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை, இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒரே சொல்லுக்குள் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம்.

மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது, மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும். அதைப் பதிவாகும் முன்பே பெரிதாக்குவது கெயின். பதிவானதை நாம் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறோம் என்பது வால்யூம். வால்யூமைத் தவறாக வைத்தால் அந்த நேரத்துக்குக் காதுதான் சிரமப்படும், பதிவுக்கு ஒன்றும் ஆகாது. கெயினைத் தவறாக வைத்தால் தவறு கோப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும்.

டிஜிட்டல் மீட்டரில் 0 டெசிபல் என்பது கூரை. அதனால்தான் மற்ற எண்களெல்லாம் மைனஸில் இருக்கின்றன. மைனஸ் 12 என்பது மைனஸ் 20-ஐ விடச் சத்தம் அதிகம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. 0-வைத் தொட்டதும் ஒலி அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். அப்புறம் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இழுத்தால் அலை சின்னதாகும், வெட்டு அப்படியேதான் இருக்கும்.

பாடுபவரை, பேசுபவரை, அவருக்கு எந்த இடம் மிக உரத்து வருமோ அதை முதலில் பாடச் சொல்லுங்கள். அப்போது மீட்டர் மைனஸ் 12-இலிருந்து மைனஸ் 6-க்குள் நிற்கும்படி கெயினை வையுங்கள். "மைக் டெஸ்ட், ஒன் டூ த்ரீ" என்று மெல்லச் சொல்லவைத்து அளவு வைத்தால் உண்மையான பாட்டு வரும்போது உடையும். குறைவாகப் பதிவாகிவிடுமோ என்ற பயம் டேப் காலத்தது. டேப்புக்கு இயல்பாகவே ஓர் இரைச்சல் உண்டு, அதை மூழ்கடிக்க உரக்கப் பதிவு செய்தார்கள். டிஜிட்டலில் ஒலி அளவை எழுதும் எண்ணின் ஒவ்வொரு இலக்கத்துக்கும், அதாவது பிட்டுக்கும், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே ஏறக்குறைய 6 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. 16 பிட்டில் சுமார் 96, 24 பிட்டில் கணக்குப்படி 144. ஆகவே 24 பிட்டில் வைத்துக்கொண்டு தாராளமாக இடம் விட்டுப் பதிவு செய்யலாம். மென்பொருளில், 0-வைத் தாண்டிய ஒலியையும் வெட்டாமல் எழுதிவைக்கும் 32 பிட் ஃப்ளோட் முறைக்கு மாற்றிவிட்டால் உடையவே உடையாது என்று நம்புவதும் தவறு. மைக்கைக் கணினியோடு இணைக்கும் சாதாரண இன்டர்ஃபேஸில் ஒலி அதற்கு முன்பே, கருவிக்குள்ளேயே வெட்டுப்பட்டுவிடும்.

அடுத்து மைக். கண்டென்சர் என்றால் உயர்ந்தது, டைனமிக் என்றால் மட்டம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கண்டென்சர் நுணுக்கமானது, உண்மைதான். குரலின் இழையோடு தெருவில் போகும் ஆட்டோவையும் மின்விசிறியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். இரைச்சலான வீட்டில், வாய்க்குப் பக்கத்தில் வைத்த டைனமிக் மைக்தான் பல நேரம் நன்றாக வரும். கண்டென்சர் வாங்கியவர்கள், அந்த மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பொத்தானைப் போட மறந்துவிட்டு மைக் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. இன்னொன்று: பெரிய கண்டென்சர் மைக்குகள் பலவற்றில் முகம் பக்கவாட்டில் இருக்கும். உச்சியைப் பார்த்துப் பேசினால் குரல் மந்தமாகத்தான் விழும்.

அறைக்கு வருவோம். "ரூம்ல எக்கோ அடிக்குது" என்று எல்லோரும் சொல்கிறோம். எதிரொலி தனியாகக் கேட்கச் சுவர் ஏறக்குறைய 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பத்துக்குப் பத்து அறையில் அதற்கு இடம் ஏது? அங்கே கேட்பது ரிவெர்ப், அதாவது டைல்ஸ் தரையிலும் வெறுஞ்சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலிகள் ஒன்றோடொன்று கலந்த கார்வை. பதிவில் ஒட்டிய பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. இதற்காக மெல்லிய ஃபோம் வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டு, பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் இன்னும் வருகிறதே என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபோம் அறைக்குள் பிறந்த ஒலி திரும்புவதைக் குறைக்கும், அதுவும் கீச்சென்ற ஒலிகளைத்தான் அதிகம். வெளிச்சத்தத்தைத் தடுக்க கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலை. காசு செலவழிக்கும் முன் இலவம்பஞ்சு மெத்தையைப் பேசுபவருக்குப் பின்னால் நிறுத்தி, தரையில் ஜமக்காளம் விரித்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

கம்ப்ரஷன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். எம்பி3 ஆக்குவது கோப்பின் அளவைச் சுருக்குவது. அதில் இழந்த ஒலி மறுபடி வேவ் கோப்பாக மாற்றினாலும் வராது. அதனால் மூலப் பதிவை வேவ் ஆகவே வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் செய்வது வேறு: உரத்த இடத்தை அமுக்கி, மெல்லிய இடத்தோடு நெருக்கமாக்குவது. வரம்பு மைனஸ் 20, விகிதம் 4:1 என்று வைத்தால் வரம்பைத் தாண்டி 8 டெசிபல் போன குரல் 2 டெசிபல் மட்டும் தாண்டும். பிறகு மொத்தமாகச் சத்தத்தைக் கூட்டும்போது மின்விசிறி இரைச்சலும் கூடவே ஏறும். அதனால் இரைச்சலைக் குறைத்துவிட்டு, பிறகு அமுக்குங்கள்.

ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எழுதுகிறோம் என்பது சாம்பிள் ரேட். அதில் பெரிய எண்ணைத் தேட வேண்டாம். சிடிக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோவுக்கு 48. 48-இல் பதிவு செய்ததை மாற்றாமல் 44.1-இல் ஓட்டினால் பாட்டு மெதுவாகி, சுருதி முக்கால் கட்டை போல இறங்கிவிடும். தொடங்கும் முன் மென்பொருளிலும் கருவியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், போதும்.

கடைசியாக நார்மலைஸ். இது மிக உயர்ந்த ஓர் உச்சியை மட்டும் பார்த்து முழுப் பதிவையும் ஒரே அளவு ஏற்றுகிறது. நடுவில் ஒரு கைதட்டல் இருந்தால் அதுதான் கூரையைத் தொடும், குரல் கீழேயே கிடக்கும். காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தை அளப்பது எல்யூஎஃப்எஸ். யூடியூப் ஏறக்குறைய மைனஸ் 14-ஐத் தாண்டியதைத் தானே குறைத்துவிடுகிறது. எனவே கைதட்டலை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறைத்துவிட்டு, எல்யூஎஃப்எஸ் மீட்டரைப் பார்த்து ஏற்றுங்கள்.